எட்டும் ஓடுகிறது

போன மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கு, நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து சுந்தரம் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற 2007ஆம் வருஷம் அங்கே சேர்ந்தவர். இப்போது மின்பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. கூரையில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமாம்.

"தறிக்கூடத்துல பொம்பளைங்க ஒரே புகார் சார், புழுக்கம் தாங்கலன்னு. போன வாரம் கூரை வேலைக்காக ஃபேன் லைனைக் கழட்டி மாட்டுனோம். மாட்டினப்புறம் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல பாத்துட்டேன். எட்டு ஃபேனும் பச்சை காட்டுது. இவங்க சும்மா சொல்றாங்க" என்றார்.

சும்மா சொல்றாங்க என்றதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். சுந்தரத்திடம் என்ன சொன்னேன் என்பது இருக்கட்டும். எதற்காக அத்தனை கோபம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருக்கிறது என்றால் போதும். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள். சிமெண்ட்டுக்குச் சாக்கு வேண்டும். அந்தச் சாக்கை நெய்கிற கம்பெனி எங்களுடையது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, நாடா நாடாவாகக் கிழித்து, வட்டத்தறியில் ஏற்றி நெய்வார்கள். நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன். இருபது வருஷம் ஊர் ஊராக மில்களில் அலைந்துவிட்டு, 1995இல் அங்கே எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷம் அது. அப்புறம் அரியலூர் பிரிந்தது, திரும்பச் சேர்ந்தது, நான் ஓய்வு பெற்ற வருஷம் மறுபடியும் பிரிந்தது. இத்தனை நடந்தபோதும் நான் அதே சுவிட்ச் பேனலுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தறிக்கூடம் முப்பதடி உயரம். மேலே தகரக் கூரை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருக்கும் மெஷின், மறுபக்கம் இருபத்து நான்கு தறிகள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலும் சேர்ந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சூடான காற்று மேலே ஏறும். ஏறியது வெளியே போக வழியில்லாவிட்டால் கூரைக்கடியில் அடைந்து நிற்கும். அதை வெளியே இழுத்துத் தள்ளத்தான் கூரையின் உச்சியில் வரிசையாக எட்டு ஃபேன்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே மழைக்குக் காளான் குடை மாதிரி ஒரு மூடி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓடுகிறதா என்று தெரியும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அந்த வேகத்தில் யாருக்கும் தெரியாது. விஷயமே அதுதான்.

எங்கள் பொறியாளர் தேவராஜன். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. சட்டை கசங்காது. குளிரூட்டிய அறையை விட்டு வெளியே வர மாட்டார். அவரிடம் இருந்த ஒரே வியாதி, எதையும் முழுதாகக் கேட்கப் பொறுக்காதது. நாம் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பித்தால் பேனா மூடியைத் திருக ஆரம்பித்துவிடுவார். "ரெங்கசாமி, கதை வேணாம். ஒரு வார்த்தையில சொல்லு. ஓடுதா, ஓடலையா?" லாக்புத்தகத்தையும் அவரே அப்படித்தான் வகுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டே கட்டம். ஓடுகிறது, ஓடவில்லை. தினமும் காலையில் கூரை ஃபேன்களுக்கு நேரே 'எட்டும் ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

1999 என்று நினைக்கிறேன். தறிகள் கூடிவிட்டதால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினார்கள். அதை வைக்க கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற இலுப்பை மரத்தை வெட்டினார்கள். தை மாதம். புது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கேபிள் கட்டியதும், மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று மின்கம்பிகள், நாங்கள் பேஸ் என்போம், வரும். அவை பழைய வரிசையிலேயே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீட்டர், அதற்குள் ஒரு சின்னத் தட்டு. தட்டு வலப்பக்கம் சுற்றினால் சரி. இடப்பக்கம் சுற்றினால் இரண்டு பேஸ் இடம் மாறியிருக்கிறது, எல்லா மோட்டாரும் தலைகீழாகச் சுற்றும் என்று அர்த்தம். பத்து நிமிஷ வேலை. அந்த மீட்டர் தேவராஜன் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்டபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏற்கெனவே ரெண்டு ஷிஃப்ட் போச்சு. போடு" என்றார். போட்டேன்.

முதலில் ஓட்டிய மெஷினே பின்பக்கமாகச் சுற்றியது.

"சார், மெயின்லயே ரெண்டு கேபிளை இடம் மாத்திட்டா எல்லாம் ஒண்ணா சரியாயிரும்" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"கை தண்டி கேபிள் சார். மூணு மணி நேரமாவது ஆவும்."

"மெஷின்ல மாத்துனா?"

"ஒண்ணுக்குப் பத்து நிமிஷம். ஆனா எல்லாத்தையும்..."

பேனா மூடி திருகத் தொடங்கிவிட்டது. "அப்ப மெஷின்ல மாத்து. மொதல்ல நாடா மெஷினு, அப்புறம் தறி."

மாற்றினோம். நாடா மெஷின், தறிகள், கம்ப்ரஸர், தண்ணீர் பம்பு என்று ஒவ்வொன்றாக, எது எது தப்பாக ஓடினால் யாராவது சத்தம் போடுவார்களோ அதையெல்லாம் மாற்றினோம். கூரை ஃபேன்களின் பேனல் ஒரு மூலையில் தனியாக இருந்தது. தை மாதக் குளிருக்கு அவற்றைப் போடுவதில்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். மாசிக் கடைசியில் வெக்கை தொடங்கியதும் சுவிட்சைப் போட்டேன். எட்டு பச்சை விளக்கும் எரிந்தன. எட்டும் ஓடுகிறது என்று எழுதினேன்.

எட்டும் ஓடத்தான் செய்தன. வெளியே இழுக்க வேண்டியவை, கூரைக்கடியில் அடைந்திருந்த அனலையும் பிளாஸ்டிக் புகையையும் வாரி, கீழே நிற்கிறவர்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தன.

மலர்க்கொடி என்று ஒரு பெண். திருமானூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் கம்பெனிக்கு அடுத்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் திருப்பூருக்குப் போனவன், தீபாவளிக்குத் தலைகாட்டினால் உண்டு. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆறு தறிகளை ஒருத்தியாகப் பார்ப்பாள். நாடா அறுந்தால் மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த தறிக்குப் போயிருப்பாள். அவள் நிற்கிற இடம் மூன்றாவது ஃபேனுக்கு நேர் கீழே. பங்குனியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மேலேந்து அனலு எறங்குதுண்ணே. ஃபேன் போட்டாத்தான் ஜாஸ்தியா இருக்கு. செத்த அமத்திப் பாருங்களேன்."

நான் சிரித்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "ஏம்மா, அது எக்ஸாஸ்ட்டு ஃபேனு. உறிஞ்சி வெளிய தள்ளும். மேலேந்து எப்படி எறங்கும்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. என் நெத்தியில படுது, சொல்றேன்."

ஒரு தடவை சுவிட்சை அமர்த்திப் பார்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அதை விட்டுவிட்டு, டீ குடிக்கும்போது இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். இருபத்தைந்து வருஷ அனுபவம் அல்லவா எனக்கு!

சித்திரையில் அவள்தான் முதலில் மயங்கி விழுந்தாள். நல்லவேளை தறி மேல் விழவில்லை. அடுத்த பத்து நாளில் இன்னும் ஐந்து பெண்கள் விழுந்தார்கள். நான் தேவராஜனிடம் போய்க் காற்றோட்டத்தைப் பார்க்கலாமா என்று இழுத்தேன். "ஃபேன் ஓடுதா, ஓடலையா?" என்றார். "ஓடுது சார்." "அப்புறம் என்ன? காலையில சாப்புடாம வராங்க, விழறாங்க." நானும் திரும்பி வந்துவிட்டேன்.

தறிக்கூடத்தில் வேறு பேச்சு கிளம்பியது. இலுப்பை மரத்தில் முனி இருந்ததாம். மரத்தை வெட்டியதும் அது கூடத்துக்குள் வந்துவிட்டதாம். "மரத்த வெட்டுன நாள்லேந்துதான் இந்த எழவு" என்று பெண்கள் சொன்னார்கள். பேஸ் இடம் மாறிய நாளைச் சரியாகத்தான் சொன்னார்கள். படித்த நாங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. முதலில் விழுந்தவள் மலர்க்கொடி என்பதால், முனி அவள் மேல்தான் இறங்கியிருக்கிறது, அவள் வந்தால் மற்றவர்களையும் பிடிக்கும் என்று ஆயிற்று. மேனேஜருக்குத் தறி ஓடினால் போதும். அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வூட்டுல இரும்மா" என்று அனுப்பிவிட்டு, ஷிஃப்ட் பட்டியலில் பெயரை அடித்தார். ஊரில் அவள் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளோடு யாரும் உட்காரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பூசை. கேட்டருகே டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் கிடா வெட்டினார்கள். பிறகு பூசாரி தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். தறிகளை நிறுத்தியிருந்தார்கள். ஃபேன்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது ஃபேனுக்கடியில் பூசாரி நின்றார். புகை ஆளுயரத்துக்கு எழும்பியது, அப்படியே மடங்கித் தரையில் பரவியது. எல்லாருக்கும் இருமல்.

"பாத்தீங்களா, போவ மாட்டேங்குறான். அடம் புடிக்கிறான்!" என்று பூசாரி கத்தினார். ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது.

சாம்பிராணிப் புகை மேலே போகும். எந்த ஊரிலும் மேலேதான் போகும். இங்கே யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கியதுபோல் இறங்குகிறது. ஓடிப்போய்ப் பேனலைத் திறந்து மூன்றாவது ஃபேனை அமர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் புகை நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் பூசாரி எலுமிச்சம்பழத்தை வெட்டியிருக்கிறார்.

"போயிட்டான்! போயிட்டான்!" என்று அவர் கூவ, கூடமே குலவை போட்டது. மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் பேனல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டையும் அமர்த்தினேன். பேனலுக்குள் வருகிற கம்பிகளில் சிவப்பையும் மஞ்சளையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பப் போட்டதும், தரையில் கிடந்த புகையெல்லாம் எழும்பி, கூரையின் எட்டு ஓட்டை வழியாகவும் வெளியே போயிற்று. அதற்கும் ஒரு குலவை போட்டார்கள்.

அன்றிலிருந்து ஒருத்தரும் மயங்கவில்லை. பெருமை கிடாவுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் போனது. மலர்க்கொடியை வெளியே அனுப்பியது நல்லதாகப் போயிற்று என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நான் செய்த ரிப்பேரே அவள் மேல் விழுந்த பழிக்குச் சாட்சியாகிவிட்டது. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

தேவராஜனிடம்தான் போனேன். "சார், மாசிக் கடைசியிலேந்து எட்டு ஃபேனும் தலைகீழா ஓடியிருக்கு."

"இப்ப?"

"இப்ப சரி பண்ணிட்டேன்."

"அப்ப ஓடுதுல்ல. என்ன பிரச்சனை?"

"அந்தப் பொண்ணு மலர்க்கொடி சார். பேய்னு சொல்லி..."

அவர் பேனா மூடியை மூடினார். குரல் உயரவே இல்லை. "லாக்புக்குல இத்தனை நாளா என்ன எழுதியிருக்க?"

"ஓடுதுன்னு."

"கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"யோசிச்சுக்க" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். இன்னும் எட்டு வருஷ சர்வீஸ், கல்யாணத்துக்கு ஒரு மகள். மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலர்க்கொடி வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அன்னிக்கே சொன்னேனேண்ணே. ஃபேனு சுத்துறத அண்ணாந்து பாத்தீங்க. அதுக்குக் கீழ நின்ன எங்க மொவத்தப் பாக்கலியே?"

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் காரியக்காரர். "சரி, வரச் சொல்லு. ஆனா ஃபேன் கதைய வெளிய விடாத. பூசாரி வந்து கேட்டு வாசல்ல திருநீறு போடுவாரு. முனி போயிருச்சுன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டு உள்ள வரட்டும்" என்றார். அவளுக்கு வேலை வேண்டுமென்றால், தனக்குப் பேய் பிடித்திருந்தது என்று அவளே ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு சுத்தமான ஏற்பாடு பாருங்கள்!

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு அவள் வந்தாள். கேட்டில் பூசாரி திருநீற்றுத் தட்டோடு நின்றார். மேனேஜர், அதிசயமாகத் தேவராஜன், தறி, தையல் என்று உள்ளே போக வேண்டிய நாற்பது பெண்கள், எல்லாரும் நின்றார்கள். பூசாரி கையை நீட்டினார். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"எனக்கு ஒண்ணும் புடிக்கல சாமி. மரத்த வெட்டுன கையோட கரண்ட மாத்துனாங்கள்ல, அதுல ஃபேனு தலகீழா சுத்தியிருக்கு. அதான் அனலு. திருநீறு போடுறதுன்னா அந்த ஃபேனுக்குப் போட்டுட்டு வாங்க."

பூசாரி மேனேஜரைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து வயதான ஓர் அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏன் ரெங்கசாமி, அவ சொல்றது நெசமா?"

நாற்பது முகங்களும் என்னைப் பார்த்தன. தேவராஜனும் பார்த்தார். அவர் கை பேனாவில் இருந்தது. நான் பேச நினைத்தது நிறைய. டிரான்ஸ்ஃபார்மர், இழுப்பறையில் கிடந்த மீட்டர், மூன்று மணி நேரம், பத்து நிமிஷம் எல்லாம் தொண்டை வரை வந்தன. கடைசியில் அவர் எப்போதும் கேட்கிற மாதிரியே ஒரு வார்த்தையில் சொன்னேன்.

"ஆமா."

அந்த அம்மா மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவள உள்ள வுடுங்க. இல்லன்னா நாங்களும் தறி ஏறல." சங்கு ஊதியது, ஒருத்தியும் நகரவில்லை. மேனேஜர் கேட்டைத் திறக்கச் சொன்னார். திருநீறு இல்லாமலேயே அவள் உள்ளே போனாள்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. முன் அனுமதியின்றி மின் இணைப்பை மாற்றியதற்காக! ஃபேன்கள் இரண்டு மாதம் தலைகீழாக ஓடியதைப் பற்றி அதில் ஓரெழுத்து கிடையாது. பார்க்காமலே எழுதி, சொன்னவளைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு மெமோ கொடுத்திருந்தால் தலைகுனிந்து வாங்கியிருப்பேன். அதை யாரும் தரவில்லை. அதனால்தான் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெறும்வரை எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. தேவராஜன் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். வருஷா வருஷம் சித்திரையில் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் கிடா வெட்டுவதும் நிற்கவில்லை.

மலர்க்கொடி தறி ஏறிய அன்று என்னிடம் ஒரு காரியம் வாங்கினாள். கழிவு நாடாவில் முழ நீளம் எட்டுத் துண்டு வெட்டிக் கொடுத்து, ஒவ்வொரு ஃபேனுக்கடியிலும் கம்பியில் கட்டச் சொன்னாள். ஃபேன் இழுத்தால் நாடா மேலே பறக்கும். ஊதினால் கீழே தொங்கி ஆடும். தினமும் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பாள். நாடா மேலே பறந்தால்தான் தறியைத் தொடுவாள். நானும் அதற்கப்புறம் நாடாவைப் பார்க்காமல் லாக்புத்தகத்தில் எழுதியதில்லை.

சுந்தரத்திடம் போனில் அதைத்தான் முதலில் கேட்டேன். "ஃபேனுக்குக் கீழ நாடா கட்டியிருக்குமே, அது எந்தப் பக்கம் பறக்குது?"

"அதா சார்? அந்தக் கூரை வேலையில பெயின்ட் அடிக்கையில அறுத்துட்டோம். பாக்க அசிங்கமா இருந்துச்சு. இப்பதான் ஸ்க்ரீன் இருக்கே."

அப்போதுதான் நான் கத்தினேன். கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன். "மூணாவது ஃபேனுக்கடியில யாரு நிக்கிறா?"

"புதுசா வந்த பொண்ணு சார். ஆறு தறி பாக்குது."

"அது என்ன சொல்லுது?"

"அதுவா சார்... மேலேந்து சூடா ஊதுதுன்னு சொல்லுது."

"லாக்புக்க எடு. அது சொன்னத அப்படியே எழுது. எழுதிட்டுப் போயி ஃபேன அமத்து" என்று சொல்லிப் போனை வைத்தேன்.